கதை இருக்கட்டும், அந்த இடத்தைக் கொடுங்கள்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கிருஷ்ணகிரியில் கம்ப்யூட்டர் விற்பனையும் சர்வீஸும் செய்து பிழைப்பவன் நான். உங்கள் ஆக்‌ஷன் படங்களை முதல் நாளே பார்த்துவிடுகிற ரகம். சினிமாத் தொழிலோடு வேறு எந்தத் தொடர்பும் எனக்குக் கிடையாது. ஆனாலும் இதை உங்களுக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு படத்தை வைத்து வீடியோ கேம் செய்ய அனுமதி கொடுப்பவர்கள் நீங்கள். அது எப்போது வர வேண்டும், எத்தனை வருடம் விற்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதுவதும் நீங்கள்தான்.

பெரிய நடிகரின் படம் வரும்போது சில சமயம் அதன் பெயரில் ஒரு மொபைல் கேமும் வருகிறது. இறக்கிப் பார்த்தால் போஸ்டரில் இருக்கும் முகம், டீசரில் கேட்ட இசை. நாயகன் நிற்காமல் ஓடிக்கொண்டே காசு பொறுக்குவார். பெயரை மாற்றிவிட்டால் வேறு எந்தப் படத்துக்கும் பொருந்தும். படம் தியேட்டரை விட்டுப் போனதும் அதை யாரும் தொடுவதில்லை, கொஞ்ச நாளில் ப்ளே ஸ்டோரிலும் காணாமல் போய்விடும். செய்தவர்களுக்குத் திறமை போதாது என்று நான் சொல்லமாட்டேன். அவர்களிடம் கேட்டது விளம்பரம்; விளம்பரத்தைச் செய்து கொடுத்தார்கள்.

இதை வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு ஒரு பழைய விளையாட்டைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். அதன் பெயர் கோல்டன்ஐ 007. பியர்ஸ் பிராஸ்னன் நடித்த ஜேம்ஸ் பாண்ட் படம் 1995 நவம்பரில் வந்தது. அதை வைத்து இங்கிலாந்தின் ரேர் நிறுவனம் நின்டெண்டோ 64 என்ற ஜப்பானிய டிவி கேம் பெட்டிக்காகச் செய்த விளையாட்டு 1997 ஆகஸ்டில் வந்தது. நடுவில் கிட்டத்தட்ட இரண்டு வருடம். படம் ஓடி முடிந்து, அடுத்த பாண்ட் படமே வரப்போகிற நேரம். விளம்பரக் கணக்குப்படி பார்த்தால் அது காலாவதியான சரக்கு. ஆனால் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

அந்தப் பெட்டி இந்தியாவில் அவ்வளவாகப் புழங்கியதில்லை. எங்கள் தெருவில் எல்லோர் வீட்டிலும் கான்ட்ராவும் மாரியோவும் ஓடும் சாதாரண டிவி கேம்தான். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் சித்தப்பா லீவில் வரும்போது பெட்டியையும் இந்த ஒரு கேசட்டையும் கொண்டு வந்தார். பழையபேட்டையில் அவர் வீட்டு டிவி முன்னால் பெரியப்பா பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பையன்களும் கூடிவிடுவோம். பாண்ட் படத்தை எங்களில் ஒருவனும் பார்த்திருக்கவில்லை. இங்கிலீஷில் வரும் குறிப்புகளில் பாதி புரியாது. யார் நல்லவன், யார் துரோகி என்பதுகூட அரைகுறையாகத்தான் தெரியும். அப்படியும் அந்த விளையாட்டு எங்களைப் பிடித்துக்கொண்டது. அது எதனால் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன்.

முதல் கட்டமே ஒரு அணை. கே.ஆர்.பி. டேமைப் பார்த்து வளர்ந்த பையன்களுக்கு வேறென்ன வேண்டும்? படத்தில் அந்தக் காட்சியை சுவிட்சர்லாந்தில் 220 மீட்டர் உயரமுள்ள வெர்சாஸ்கா அணையில் எடுத்திருக்கிறார்கள். பாண்ட் அணை மேல் ஓடி வருவார், கயிற்றைக் கட்டிக்கொண்டு குதிப்பார், அவ்வளவுதான். விளையாட்டில் அந்த விளிம்புக்குப் போய்ச் சேருவதற்கே ஒரு பயணம் இருக்கிறது. மலைப்பாதையில் ஆரம்பிக்கிறோம். காவல் கோபுரத்தில் ஏறினால் தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கி கிடைக்கும். அப்புறம் ஒரு லாரி, ஒரு சுரங்கப்பாதை, கேட்டுகள், அதைத் தாண்டினால் அணையின் நீளமான மேல்தளம், அதற்கு அடியில் இறங்கிப் போகும் வழிகள், அறைகள். எளிய நிலையில் ஆடினால் கடைசியில் குதித்தால் போதும். நிலையைக் கூட்டினால் எதிரியின் பலத்தோடு நம் வேலையும் கூடும். அலாரங்களை உடைக்க வேண்டும், மோடம் பொருத்த வேண்டும், தகவலைக் கைப்பற்ற வேண்டும். அணை அதேதான். ஆனால் முதல் தடவை எட்டிக்கூடப் பார்க்காத இடங்களுக்குள் இப்போது போய்த்தான் ஆக வேண்டும்.

அந்தத் துப்பாக்கியின் தொலைநோக்கியை நீர்த்தேக்கத்தின் பக்கம் திருப்பினால் தூரத்தில் ஒரு தீவு தெரியும். அதில் ஏதோ கட்டியிருப்பதும் தெரியும். அங்கே போக வழி கிடையாது. எங்கள் கூட்டத்தில் ஒவ்வொருவனும் ஒரு வழி சொன்னான். ஒருவன் எல்லாக் காவலாளியையும் கொன்றால் படகு வரும் என்றான், இன்னொருவன் யாரையும் கொல்லாமல் போனால்தான் வரும் என்றான். பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்: உலகம் முழுக்கப் பிள்ளைகள் அந்தத் தீவைப் பார்த்து இதே போல மண்டையை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். செய்தவர்கள் முதலில் அங்கே ஒரு பணி வைக்க நினைத்து, பிறகு கைவிட்டுவிட்டார்கள். தீவை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். கதைக்கு எந்த விதத்திலும் உதவாத ஒரு மண்மேடு, எங்கள் ஒரு கோடை விடுமுறையையே எடுத்துக்கொண்டது.

ரேரில் இதைச் செய்த குழு பத்துப் பேர் அளவில்தான். தலைமை மார்ட்டின் ஹோலிஸ். மற்றவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் முதல் விளையாட்டு. ஆரம்பத்தில் அவர்கள் நினைத்தது, அந்தக் காலத்து வர்ச்சுவா காப் மாதிரி கேமரா தானாக நகரும், நாம் சுட மட்டும் செய்வோம் என்கிற சின்ன விஷயத்தை. ஆனால் அவர்களுக்குப் படக்குழு கதவைத் திறந்துவிட்டது. படப்பிடிப்பு நடந்த செட்டுகளுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். புகைப்படங்கள் எடுத்தார்கள். செட்டின் வரைபடங்கள் கைக்கு வந்தன. அவற்றை வைத்து கார்ல் ஹில்டனும் மற்றவர்களும் கட்டடங்களைச் சுற்றுச்சுவரோடு, படத்தில் கேமரா போகாத மூலைகளோடு முழுசாகக் கட்டினார்கள். எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது, எதிரி எங்கே நிற்பான் என்பதையெல்லாம் அதற்கப்புறம்தான் வைத்தார்கள். அதனால்தான் இந்த விளையாட்டில் ஒரு காரியமும் இல்லாத அறைகள் வருகின்றன. விளையாட்டு வடிவமைப்பு படித்தவர்கள் இதைக் குறை என்பார்கள். நிஜமான கட்டடம் எதில் அப்படி அறைகள் இல்லை, சொல்லுங்கள்.

இரண்டாவது கட்டமான ரசாயன ஆயுதத் தொழிற்சாலையைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. கழிப்பறைக்கு மேலே ஓடும் காற்றுக்குழாய் வழியாக உள்ளே இறங்குவோம். டாக்டர் டோக் என்று நம் பக்கத்து ஆள் ஒருவர் விஞ்ஞானி வேடத்தில் உள்ளே இருப்பார். ஒவ்வொரு ஆட்டத்திலும் அவர் நிற்கும் இடம் மாறும். கதவைத் திறக்கும் கருவி அவரிடம் இருக்கிறது. மூன்று நிலைகளில் கடினமானதில் இந்தக் கட்டத்தை 2 நிமிடம் 5 விநாடிக்குள் முடித்தால் சாகாவரம் பரிசு. டோக் வழியிலேயே நின்றால் பிழைத்தோம். தள்ளி நின்றால் மறுபடி காற்றுக்குழாய்தான். “டோக் எங்கடா?” என்று பையன்கள் கத்திய கத்தலில் சித்தி வந்து டிவியை அணைத்த நாட்கள் உண்டு. டோக் என்பது அந்தக் குழுவிலேயே இருந்த டேவிட் டோக்கின் பெயர் என்பதும், காவலாளிகளின் முகங்களில் பல ரேர் ஊழியர்களின் முகங்கள் என்பதும் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். பல நூறு பேர் வேலை செய்யும் கம்பெனியில் இப்படி ஒரு கைச்சுவடு மிஞ்சுவது அபூர்வம்.

இவ்வளவும் 12 எம்பி கேசட்டில் அடங்கியது. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் கல்யாண வீடியோ அதைவிடப் பெரிது. ஆகவே காசு இல்லை, கருவி இல்லை என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, உங்களிடம் கேட்க வந்ததற்கு வருகிறேன். படத்தின் கதையைத் திரையில் பார்த்துவிடுகிறோம். அதையே விரலால் தட்டித் தட்டி மறுபடி பார்க்க வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை. கதை நடந்த இடத்தில் எங்கள் இஷ்டத்துக்கு நடமாட விடுங்கள்.

படக்குழுக்கள் எங்கள் பக்கம் வராமல் இல்லை. ஒகேனக்கல் எத்தனையோ படத்தில் வந்துவிட்டது. பாட்டுக்கு நாலு ஷாட், சண்டைக்கு ரெண்டு ஷாட், முடிந்தது. பரிசலில் உட்கார்ந்து அந்தப் பாறைச் சுவர்களுக்கு நடுவே போனவர்களுக்குத் தெரியும் அங்கே என்ன இருக்கிறதென்று. பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. துடுப்புப் போடத் தெரியாதவன் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். பழகிய பரிசல்காரர் வேண்டுமென்றேயும் சுற்றிக் காட்டுவார், அப்போது கரை எந்தப் பக்கம் என்றே புரியாது. அருவியை நெருங்க நெருங்கப் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. காவிரியில் வரத்து கூடினால் நேற்றுப் பார்த்த பாறை இன்றைக்குத் தண்ணீருக்குள். இதில் ஒருவனை இன்னொருவன் துரத்துகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். காதால் எச்சரிக்கை கிடைக்காது, திசையை நம்ப முடியாது, வழி நாளுக்கு நாள் மாறும். ஒரு விளையாட்டுக்கு வேண்டிய விதிகளை அந்த ஆறே எழுதி வைத்திருக்கிறது. எந்தப் படத்திலும் இதை எங்களுக்குக் காட்ட உங்களுக்கு நேரம் இருக்காது. விளையாட்டில் இருக்கும்.

ராயக்கோட்டைக் கோட்டை, கிருஷ்ணகிரி மலைக்கோட்டை இரண்டுமே அப்படித்தான். ஏறும்போது எந்தத் திருப்பத்தில் மேலே இருப்பவன் நம்மைப் பார்ப்பான், எதில் பார்க்க மாட்டான் என்று ஏறியவர்களுக்குத் தெரியும். தொப்பூர் கணவாயைப் பற்றி மட்டும் ஒரு வேண்டுகோள். அந்த இறக்கத்தில் ஆளை இழந்த குடும்பங்கள் எங்கள் மாவட்டங்களில் நிறைய. அங்கே கார் சேஸிங் வைத்து வேடிக்கை காட்ட வேண்டாம். பாரம் ஏற்றிய லாரியை எந்த கியரில், எவ்வளவு பொறுமையாக இறக்க வேண்டும் என்பதையே ஒரு கட்டமாக வையுங்கள். ஆக்‌ஷன் படத்தின் படபடப்பு அதிலேயே வந்துவிடும்.

அடுத்தது நேரம். 1982-ல் அட்டாரி என்ற அமெரிக்க வீடியோ கேம் நிறுவனம் ஈ.டி. என்ற ஹாலிவுட் படத்தின் உரிமையைப் பெரும் பணம் கொட்டி வாங்கியது. கிறிஸ்துமஸுக்குக் கடையில் இருக்க வேண்டும் என்றது. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே ஆள் ஐந்தே வாரத்தில் செய்து கொடுத்தார். கெட்டிக்காரர், அதற்கு முன் நல்ல விளையாட்டுகள் செய்தவர். என்ன பயன்? விற்காமல் தேங்கிய கேசட்டுகள் நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ குப்பைமேட்டுக்குள் போயின. 2014-ல் தோண்டி எடுத்தார்கள்.

அது ரொம்பப் பழைய கதை என்றால், 2003-ல் வந்த என்டர் த மேட்ரிக்ஸைப் பாருங்கள். படத்தின் இயக்குநர்களே எழுதினார்கள். விளையாட்டுக்கென்றே சுமார் ஒரு மணி நேரக் காட்சிகளைத் தனியாகப் படம்பிடித்தார்கள். அந்த அளவு மரியாதை வேறு எந்தப் படக்குழுவும் ஒரு விளையாட்டுக்குக் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் மேட்ரிக்ஸின் இரண்டாம் படத்தோடு கூடவே வந்தாக வேண்டும் என்று தேதியைத் துரத்தியதில் பிழைகளோடு, அரைவேக்காடாக வந்தது. நன்றாக விற்றது, உண்மைதான். இன்றைக்கு அதை நினைத்து யாரும் உருகுவதில்லை. கோல்டன்ஐ குழுவுக்குக் கிடைத்த அந்த இரண்டு வருடத் தாமதம் அவர்களுக்கு வாய்த்த வரம் என்றே நான் நினைக்கிறேன்.

நேரம் இருந்தால் திட்டத்தில் இல்லாததும் முளைக்கும். கோல்டன்ஐ என்றதும் எல்லோரும் சொல்வது நான்கு பேர் ஒரே டிவியில் ஆடும் ஆட்டத்தைத்தான். அது முதலில் திட்டத்திலேயே இல்லை. வேலை முடியும் தறுவாயில் ஸ்டீவ் எல்லிஸ் என்ற இளைஞர் பெரும்பாலும் தனியாளாகச் செய்தது. ஓட ஆரம்பிக்கும்வரை மேலிடத்துக்குக்கூட முறையாகச் சொல்லவில்லை. திரை நான்காகப் பிரியும், 21 இஞ்ச் டிவியில் ஆளுக்கு ஒரு கையகலம். அடுத்தவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று அவன் கட்டத்தை ஓரக்கண்ணால் பார்ப்போம், அதற்குத் தனிச் சண்டை. ஆட்ஜாப் என்ற குள்ளமான பாத்திரத்தை எடுத்தால் எதிரியின் குண்டு தலைக்கு மேலே போய்விடும், அதனால் அவனை யாரும் எடுக்கக்கூடாது என்று எங்களுக்குள் சட்டம் போட்டோம். வெளிநாட்டுப் பிள்ளைகளும் இதே சட்டத்தைப் போட்டிருந்தார்கள் என்று பின்னால் படித்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்போது என் கடைக்கு வரும் பிள்ளைகள் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு முகம் தெரியாதவர்களோடு ஆடுகிறார்கள். ஒரே டிவி முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடும் ஒரு தமிழ் விளையாட்டு வந்தால் அவர்களும் ஆடுவார்கள்.

ரத்தம் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் படங்களில் இப்போது அது நிறையவே தெறிக்கிறது. மாரியோவை உருவாக்கிய, நின்டெண்டோவின் ஷிகெரு மியாமோட்டோ இந்த விளையாட்டைப் பார்த்துவிட்டு, மிக அருகில் நின்று கொல்வது அதிகமாக இருக்கிறது, கடைசியில் பாண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய் எதிரிகள் எல்லோரிடமும் கைகுலுக்கினால் என்ன என்று யோசனை அனுப்பினாராம். ஹோலிஸ் அப்படியே செய்யவில்லை. முடிவில் சினிமா மாதிரி ஒவ்வொரு பாத்திரத்தையும் நடிகரைப் போல வரிசையாக அறிமுகப்படுத்தும் ஒரு பகுதியை வைத்தார். இவ்வளவு நேரம் பார்த்தது ஒரு நடிப்பு என்று பிள்ளைகளுக்கு அதிலேயே புரிந்துவிடும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கவலைப்பட்டபோது அந்தப் பகுதியைத்தான் கூப்பிட்டுக் காட்டினோம்.

எனக்கு மனசு அதிகம் வலிக்கும் விஷயம் கடைசியாக. இவ்வளவு பேர் கொண்டாடிய இந்த விளையாட்டை வெகுகாலம் யாராலும் புதிதாக வாங்க முடியவில்லை. ரேரை 2002-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது. பெட்டி நின்டெண்டோவுடையது. பாண்ட் உரிமை படக்காரர்களிடம். 2007-ல் புதுப்பித்த பதிப்பு ஒன்று ஏறக்குறைய முடிந்தே விட்டது, உரிமைச் சிக்கலில் கிடப்பில் போட்டார்கள். 2021-ல் அது இணையத்தில் கசிந்தது. முறைப்படி மறுபடி வெளிவந்தது 2023 ஜனவரியில். முதல் வெளியீட்டிலிருந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை அதே 2023-ல் கணக்குச் சொன்னது. படத்தை வைத்துச் செய்தவற்றுக்கு இன்னும் ஆபத்து அதிகம், ஏனென்றால் பட உரிமை முடியும் தேதியில் விளையாட்டையும் கடையிலிருந்து எடுத்தாக வேண்டும்.

முதல் தமிழ் பேசும் படமான காளிதாஸின் பிரதி இன்று நம்மிடம் இல்லை. 1931-ல் வந்த படம். அந்த இழப்பின் வேதனை உங்களைவிட யாருக்குத் தெரியும்? படங்களைக் காப்பாற்ற 1964-ல் புனேயில் ஓர் ஆவணக்காப்பகம் வந்தது. உங்கள் படத்தின் பெயரில் வந்த மொபைல் கேம்களில் எத்தனை இன்றைக்கு ஓடும் நிலையில் இருக்கின்றன? யாராவது ஒரு பிரதியாவது எடுத்து வைத்திருக்கிறீர்களா? என் கடைக்கு வரும் பழைய போன்களில் சில சமயம் அப்படி ஒன்று கண்ணில் படும். திறந்தால் சர்வரைத் தேடிவிட்டு அப்படியே நின்றுவிடும்.

அடுத்த ஒப்பந்தம் போடும்போது மூன்று விஷயங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விளையாட்டு படத்தோடு வந்தாக வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள், ஒரு வருடம் கழித்து வந்தாலும் நாங்கள் வாங்குவோம். உரிமைக் காலம் முடிந்தாலும் வாங்கியவர் கையில் அது ஓட வேண்டும், சர்வர் இல்லாமல் இயங்கும் ஒரு பிரதியை ஏதாவது ஒரு காப்பகத்தில் கொடுத்துவைக்க வேண்டும் என்று எழுதுங்கள். அப்புறம், லொகேஷன் பார்க்கப் போகும்போது எடுக்கும் நூற்றுக்கணக்கான புகைப்படங்களையும், கலை இயக்குநர் போட்ட செட் வரைபடங்களையும் படம் முடிந்ததும் தூக்கிப் போடாமல் விளையாட்டு செய்பவர்களிடம் கொடுங்கள். அதற்கு உங்களுக்கு ஒரு ரூபாய் கூடுதலாக ஆகாது.

செய்வதற்கு ஆட்களும் இருக்கிறார்கள். பர்கூரிலும் தருமபுரியிலும் அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்த பிள்ளைகள் ஓசூரைத் தாண்டிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கிராபிக்ஸ் கார்டு வாங்க என்னிடம் வரும்போது அவர்கள் பேசுவதைக் கேட்கிறேன். ஒகேனக்கலைக் கம்ப்யூட்டருக்குள் கட்டுவதற்கு அந்த ஆற்றில் குளித்து வளர்ந்தவர்களைக் கூப்பிடுங்கள். பத்துப் பேர் போதும், இரண்டு வருடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரியிலிருந்து உங்கள் ரசிகன்